பதினான்கு முறை மொழி மாற்றியவர்

1

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. ஒரு கைப்பேசித் திரையில், ஒரு பெண்ணின் பெயருக்கு நேர்கீழே, உட்காரக்கூடாத இடத்தில் உட்கார்ந்துவிட்ட ஒரே ஒரு சொல். அதை அங்கே உட்கார வைத்தது யார் என்பதை நான்காம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். மீதிப் பேர் என்னைத் திட்டும் மும்முரத்தில் கதையைக் கோட்டை விட்டுவிடுவீர்கள். இருங்கள், கண்ணுங்களா. காலை நீட்டிக்கொண்டு சௌகரியமாக உட்காருங்கள். எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் உங்கள் மேல் இல்லை.

மூன்று தடவை தொடங்கிப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்தின் ஜன்னலில் மழை—" அன்றைக்கு மழையே பெய்யவில்லை. கதை தடுமாறும்போதெல்லாம் மழையைத் துணைக்குக் கூப்பிடுகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அடித்துவிட்டேன்.

"மொழி என்பது வெறும்—" இப்படித் தொடங்கும் எதையும் நானே இரண்டாம் வரிக்குமேல் படித்ததில்லை. அடித்துவிட்டேன்.

"ஒருவர் பதினோரு நிமிஷத்துக்குள் தன் கைப்பேசியில் பதினான்கு தடவை மொழியை மாற்றினார்."

இது நிற்கும். கொஞ்சம் ஆடினாலும் நிற்கும். இதிலேயே ஏறிப் போவோம்.

2

பதினொன்று, பதினான்கு என்று இவ்வளவு கறாராக எனக்கு எப்படித் தெரியும்? என் தங்கை மகள் சொன்னாள். பிறந்தபோது உள்ளங்கை அளவுதான் இருந்தாள் என்று வீட்டில் அவளுக்குக் கொசு என்று பெயர். இப்போது முப்பத்தொரு வயது, என்னைவிட ஒரு முழம் உயரம். ஆனாலும் கொசு கொசுதான். ஒரு மென்பொருள் ஆபீசில் வேலை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவர்கள் ஒரு ஆப் செய்து கொடுத்திருக்கிறார்கள். நோயாளி உள்ளே இருப்பார். வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர் கையில் அந்த ஆப் இருக்கும். ஆபரேஷன் தொடங்கியதா, முடிந்ததா, எப்போது உள்ளே போய்ப் பார்க்கலாம், அடுத்து எந்தத் தேதிக்கு வரவேண்டும், எல்லாம் அதில் வரும். ஒன்பது மொழிகளில் வரும். எந்த மொழி வேண்டுமென்று நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அந்தத் தேர்வுப் பக்கம் கொசுவின் பொறுப்பு.

"ஒரே ஒரு பக்கமா? அதுக்கா வருஷம் பூரா சம்பளம்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஒரு பக்கம்தான் பெரியம்மா. ஆனா போன் ஒரு மொழியில இருக்கும், ஆளு இன்னொரு மொழியில இருப்பான். அப்டேட் வந்தா, ஆளு தேர்ந்தெடுத்தது மறந்துபோகும். மறக்காம எங்க வெச்சுக்கிறது, யாரு பேச்சு செல்லும், போன் பேச்சா, ஆள் பேச்சா... விடுங்க, உங்களுக்குப் புரியாது."

"ஏன் புரியாது? மாமியார் பேச்சா மருமக பேச்சாங்கிற மாதிரிதானே?"

"ஆமா. அதேதான்."

அவர்கள் ஆபீசில் ஒரு சட்டம் இருக்கிறது. ஆள் தேர்ந்தெடுத்த மொழியை ஆப் தானாகத் தொடக்கூடாது. வானமே இடிந்து விழுந்தாலும் தொடக்கூடாது. இதை ஒரு மூலையில் முடிந்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நம் கழுத்தைப் பிடிக்கப்போவது இதுதான்.

கொசுவுக்கு யாருடைய பெயரும் தெரியாது. அவள் பார்ப்பது எண்களை மட்டும். இந்த எண்ணுள்ளவர் இத்தனை மணிக்கு இந்த மொழிக்கு மாறினார், அவ்வளவுதான். அதோடு ஆஸ்பத்திரி விசாரணை மேஜையிலிருந்து வந்த நான்கு வரிப் புகார்* ஒன்று இருக்கிறது. இந்த இரண்டும்தான் என் கையிருப்பு. மீதியெல்லாம் நான் கட்டியது. எங்கெங்கே கட்டினேன் என்பதை மறைக்கமாட்டேன்.

* புகார் இதுதான்: "வருகையாளர் ஒருவர் ஆப்பைத் தமிழில் பார்த்தபோது தவறான தகவல் காட்டியுள்ளது. அவர் மிகவும் பதறிவிட்டார். துப்புரவுப் பணியாளர் ஒருவர் விளக்கிச் சொன்னார். உடனே திருத்தவும்." ஒரு மனிதரின் பதினோரு நிமிஷத்துக்கு 'மிகவும்' என்று ஒரு சொல். எழுதினவருக்கும் ஆயிரம் வேலை இருந்திருக்கும், குறை சொல்லவில்லை. (சொல்கிறேன்.)

3

காத்திருப்புக் கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், நாலு நாலாக ஒரே கம்பியில் மாட்டியவை. ஒருவர் காலாட்டினால் நாலு பேரும் ஆடவேண்டும். சத்தத்தை அடைத்த டிவி. உள்கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பி ஒன்றாகத் தொங்கும்.

அவர் கடைசி நாற்காலியில் இருக்கிறார். என்ன தொழில் கொடுக்கலாம்? முதலில் பள்ளிக்கூட ஆசிரியர் என்று எழுதினேன். ஆசிரியர் என்றால் மொழியைப் பற்றி ஏதாவது நீதி பேசிவிடுவார், வேண்டாம். [தையல்காரர்? எல்லாக் கதையிலும் தையல்காரரைப் போட்டுத் தேய்த்தாயிற்று.] பூட்டு ரிப்பேர் செய்பவர் என்று இருக்கட்டும். உடனே இதில் உள்ளர்த்தம் தேடாதீர்கள். எங்கள் தெருமுனையில் அப்படி ஒருவர் இருக்கிறார், அவருடைய விரல்களை எனக்குத் தெரியும், அவ்வளவுதான் காரணம்.

மனைவிக்குச் சிறுநீரகத்தில் கல் (இது நான் கட்டியதில்லை, பின்னால் வந்த ஒரு கடிதத்தில் இருந்தது). காலையில் அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தபோது அவர் அந்த ஆப்பைத் திறந்து, தட்டித் தடவி, தேர்வுப் பக்கத்தைக் கண்டுபிடித்து, தானே தமிழுக்கு மாற்றினார். யாரையும் கேட்காமல் செய்ததில் ஒரு பெருமை.

"ஏய், போன்ல தமிழ் வருதுடி!"

"வந்தா வரட்டும். முப்பது வருஷமா என் வாயில வருதே, அது காதுல ஏறலையா?"

நர்ஸ் சிரித்துக்கொண்டே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

இரண்டு மணி நேரம் கழித்து அவர் ஆப்பைத் திறந்தார். மேலே மனைவியின் பெயர். அதற்கு நேர்கீழே, சிவப்பு எழுத்தில், ஒரே ஒரு சொல்.

காலமானார்.

இந்த இடத்தில் அவரைக் கத்தவிட்டு ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். கொசுவின் எண்கள் வேறு மாதிரி சொல்கின்றன. அவர் கத்தினாரோ இல்லையோ, முதல் நிமிஷத்திலேயே தேர்வுப் பக்கத்துக்குப் போயிருக்கிறார். தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு. அங்கே ஒரு நீளமான சொல், அதே சிவப்பில். எழுத்துக் கூட்டத் தெரியும், பொருள் தெரியாது. அடுத்த மொழி. அதற்கடுத்த மொழி.

இங்கே கொசுவின் தப்பு ஒன்று காத்திருந்தது. மொழிப் பெயர்களின் பட்டியலே நாம் எந்த மொழிக்குப் போகிறோமோ அந்த மொழியில் மாறிவிடும். கொக்கி கொக்கியான எழுத்துள்ள ஒரு மொழிக்குள் போனால், 'தமிழ்' என்பதும் அந்தக் கொக்கி எழுத்தில்தான் இருக்கும். சரி, ஆறாவது இடம் என்று எண்ணி வைத்துக்கொள்ளலாமே என்றால், அதுவும் நடக்காது. ஒவ்வொரு மொழியிலும் அதனதன் அகர வரிசைப்படி பட்டியல் கலைந்து அடுக்கிக்கொள்ளும். உள்ளே நுழைந்தபிறகு வாசல் இடம் மாறிவிடுகிற வீடு. இதைக் கட்டுவதற்கு ஒரு பட்டப்படிப்பு வேறு.

"பதட்டத்துல விரல் எங்கெங்கயோ பட்டிருக்கும் பெரியம்மா," என்றாள் கொசு.

நான் அப்படி நினைக்கவில்லை. ஒன்பது மொழிகளில் ஏதாவது ஒன்றிலாவது அவள் உயிரோடு இருக்கிறாளா என்று அவர் தேடியிருக்கிறார்.

பதினான்காவது மாற்றம் அவர் கண்ணால்கூடக் கண்டிராத ஒரு மொழி. அங்கேதான் துடைப்பக் கட்டையும் வாளியுமாக அந்த அம்மா வருகிறார். அவர் நிஜம், புகாரில் இருக்கிறார். பேச்சு என்னுடையது.

"அண்ணே, காலைக் கொஞ்சம் தூக்குங்க... அண்ணே? என்னண்ணே?"

அவர் கைப்பேசியை நீட்டினார். "இதுல என்ன போட்டிருக்கு? உனக்கு இது தெரியுமா?"

அந்த அம்மா ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு வாங்கினார். "தெரியுமாவா? எங்க வீட்டுப் பாஷை இது." கண்ணைச் சுருக்கிப் படித்தார். "முடிஞ்சுபோச்சுன்னு போட்டிருக்கு."

"யாரு?"

"யாரு இல்லண்ணே, எது. பாஸு. உள்ள போய்ப் பார்க்கற பாஸ் ரெண்டு மணி நேரத்துக்குத்தான் குடுப்பாங்க, அது முடிஞ்சுபோச்சு. அந்த மேஜையில கேளுங்க, புதுசு போட்டுத் தருவாங்க."

"யாரு முடிஞ்சு—"

"யாரும் முடியலண்ணே."

அவர் நாற்காலியிலிருந்து சரிந்து, துடைத்த தரையில் உட்கார்ந்தார். [புகாரில் இது இல்லை. நாற்காலியிலேயே விட்டிருக்கலாம். ஆனால் அந்த அம்மா வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பதற்கு எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.]

4

அந்தச் சொல்லை எழுதினது நான்.

ஓடாதீர்கள். சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் கொசு ஒரு பட்டியலோடு வந்தாள். "ஆபீஸ்ல யாரோ செஞ்ச தமிழ், பல்லுல கல்லு மாட்டின மாதிரி இருக்கு. நீங்கதான் கதை எழுதறீங்களே, சும்மா ஒரு கை போட்டுக் குடுங்க." நானூற்றுப் பன்னிரண்டு இங்கிலீஷ் சொற்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக. எது எந்தப் பக்கத்தில் வரும், யாருக்காக, எதற்காக, ஒரு படமாவது? ஒன்றும் கிடையாது. ஒரு பல்லைக் கழற்றிக் கையில் கொடுத்து, இது யாருடையது, அவர் கறுப்பா சிவப்பா என்று கேட்பது போல.

நான் பள்ளிக்கூடம் போனது ஐந்து வருஷம். இங்கிலீஷ் எல்லாம் மருந்து அட்டையிலும் பஸ் முதுகிலும் படித்தது. பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது: 'பேக்' என்று ஒரு சொல் இருந்தது. ஆஸ்பத்திரி ஆப்தானே என்று 'முதுகு' என்று எழுதினேன். கொசு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒவ்வொரு பக்கத்து மேலயும் முதுகு முதுகுன்னு வருது பெரியம்மா! அது திரும்பிப் போற பட்டன்!" இப்படிப் பதினொன்றைப் பிடித்துத் திருத்தினாள். பன்னிரண்டாவது தப்பித்துவிட்டது, ஏனென்றால் தனியாகப் பார்த்தால் அது தப்பே இல்லை. டிஸ்சார்ஜுக்கு நாலு வரி தள்ளி, 'எக்ஸ்பயர்ட்'.

மருந்து அட்டையில் எக்ஸ்பயரி தேதி பார்க்கத் தெரியாதவளா நான் என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். அதுதான் விஷயமே.

என் வீட்டுக்காரர் போன அன்று டாக்டர் வெளியே வந்து என்னிடம் சொன்னது ஒரே சொல். "எக்ஸ்பயர்ட்மா." ஏதோ மருந்து பழசாகிவிட்டது, மாற்றவேண்டும் என்கிறார் என்று நினைத்தேன். "கீழ கடையில வேற வாங்கிட்டு வந்துடறேன் டாக்டர்," என்று பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுவரை போய்விட்டேன். ஒரு நர்ஸ் பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

அன்றைக்கு மனிதரை மருந்து என்று எடுத்துக்கொண்டேன். இனி ஜென்மத்துக்கும் இந்தச் சொல்லிடம் ஏமாறக்கூடாது என்று—

அந்த வரியை முடிக்க வேண்டாம். உங்களுக்கே தெரிகிறது.

யோசித்து, மெத்தென்று இருக்கட்டும் என்று பார்த்து, மரியாதையாக 'ஆர்' போட்டு எழுதினேன்: காலமானார். இருந்திருக்கவேண்டிய சொல் காலாவதி.* இரண்டுக்கும் முதல் பாதி ஒன்றுதான். பின்பாதியில் ஒரு பெண் செத்துப்போனாள்.

* காலாவதி என்றால் காலத்தின் எல்லை. அவதி என்றால் எல்லை என்று பழைய பொருள். இப்போது அவதி என்றால் நமக்கு என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

5

கொசு அன்றைக்கே சொல்லைத் திருத்தினாள். பட்டியலையும் திருத்தினாள். இப்போது ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்திலேயே இருக்கிறது, இடம் மாறுவதும் இல்லை. எங்கே போய்த் தொலைந்தாலும் ஆறாவது இடத்தில் 'தமிழ்' என்று தமிழிலேயே நிற்கும். "இனிமே யாரும் மாட்டிக்க மாட்டாங்க," என்றாள்.

அப்புறம் விசாரணை மேஜையிலிருந்து இரண்டாவது கடிதம். கல்லை எடுத்தபோது அவர் மனைவியின் சிறுநீர்ப் பாதைக்குள் மெல்லிய குழல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஸ்டென்ட். சில வாரத்துக்குள் அதைக் கண்டிப்பாக எடுத்துவிடவேண்டும். விட்டால் குழலின் மேலேயே கல் படியும், சிறுநீரகம் கெடும். தேதி வருகிற வியாழன். ஆப்பில் இரண்டு தடவை நினைவூட்டியாயிற்று. அவர் திறந்து பார்த்திருக்கிறார், 'வருகிறேன்' என்று அழுத்தவில்லை. அவர் ஆப் இன்னும் அந்தப் பதினான்காவது மொழித் தேர்விலேயே இருக்கிறது. அவருக்கு ஓரெழுத்துகூடத் தெரியாத மொழியில்.

போன் பண்ணலாமே என்பீர்கள். பண்ணினார்கள். அந்த நம்பரைப் பார்த்தால் எடுப்பதில்லை. வேறு நம்பரிலிருந்து பண்ணினார்கள். 'ஆஸ்பத்திரியிலிருந்து' என்று கேட்டதும் வைத்துவிட்டாராம். வீட்டுக்குப் போகும்போது காகிதத்திலும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எந்த வீட்டில் அந்தக் காகிதம் எந்தப் பையில் இருக்கிறதென்று தெரியும்?

"தமிழுக்கு மாத்திவிடுடி," என்றேன்.

"முடியாது பெரியம்மா."

"ஒரு பட்டன்."

"அது அவரு தேர்ந்தெடுத்தது. நாம தொடக்கூடாது."

"எங்கடி தேர்ந்தெடுத்தாரு? நாய் துரத்தி ஓடினவன் ஒரு முட்டுச்சந்துல போய் நிக்கறான். அவனைப் பார்த்து, 'ஐயா இந்தச் சந்தைத் தேர்ந்தெடுத்திருக்கார்'னு எழுதி வெச்சுக்குவியா?"

"மாட்டிக்கிட்டார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பட்டியலைத் திருத்தி மூணு வாரம் ஆச்சு. தேர்வுப் பக்கத்தைத் திறந்தா தமிழ் தெரியும். அவரு திறக்கவே இல்ல. வேணும்னே கூட இருக்கலாம். தமிழே வேணாம்னு இருக்கலாம்."

"அப்படி இருக்காது."

"ஏன் இருக்காது? அந்தத் தமிழ் அவருக்கு என்ன சொல்லுச்சுன்னு மறந்துபோச்சா?"

சொன்னதும் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் எழுந்துபோய் இல்லாத தூசியைத் துடைத்தேன்.

6

இங்கேதான் என் ஆளை எனக்குச் சந்தேகமாகிவிட்டது. தமிழுக்குத் திரும்ப முடியாதவரா, திரும்பமாட்டேன் என்பவரா? முடியாதவர் என்றால் கதை கொசுவின் தப்பு. மாட்டேன் என்பவர் என்றால் என் தப்பு. நான் எந்தப் பக்கம் சாய்ந்து எழுதிக்கொண்டு வந்தேன் என்று மேலே போய்ப் பாருங்கள், வெட்கக்கேடு.

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. மனைவி கையை நீட்டுகிறாள். "குடுங்க இப்படி, நான் செத்துட்டேன்னு சொன்ன போனை. அதுக்கிட்ட நாலு கேள்வி கேக்கணும்." தட்டுகிறாள், ஆறாவது இடத்தைக் கண்டுபிடிக்கிறாள், தேதியைப் படிக்கிறாள். "வியாழக்கிழமையாம். செத்தவளைத் திரும்ப வரச் சொல்றாங்க, மரியாதை தெரிஞ்சவங்க." இது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அவர் இதை அவளிடம் சொல்லியிருப்பாரா? 'நீ இல்லாத பதினோரு நிமிஷம்' என்று எந்தப் புருஷன் மனைவியிடம் சொல்வான்? இவளை இவ்வளவு கலகலப்பாக நான் ஏன் எழுதினேன் தெரியுமா? அவள் சிரித்துவிட்டால் என்னை மன்னித்த மாதிரி ஆகிவிடும். என் பாவத்தைக் கழுவ நானே வேலைக்கு அமர்த்திய ஆள் அவள். வேண்டாம்.

இரண்டாவது. துப்புரவு அம்மா அவரைக் கடைத்தெருவில் தற்செயலாகப் பார்த்து— இல்லை. அந்த அம்மாவுக்கு நாலு மாடி இருக்கிறது துடைக்க. என் கதைக்காகக் கடைத்தெருவில் அலையமாட்டார்.

மூன்றாவது. வியாழன் வருகிறது, போகிறது. இதை எழுத எனக்குத் தெரியும். எப்படி வலி தொடங்கும், எப்படி அவர் நினைவூட்டல் வரும்போதெல்லாம் திரையைக் கவிழ்த்து வைப்பார், எல்லாம் வரிவரியாகத் தெரியும். எழுதமாட்டேன். ஒரு தடவை ஒரு சொல்லால் அவளைக் கொன்றவள் நான். போதும்.

7

இன்று காலை கொசு வந்தாள். ஆபீசில் சண்டை போட்டு அனுமதி வாங்கியிருக்கிறாள். ஒரே நாளில் ஐந்து தடவைக்குமேல் மொழியை மாற்றினவர்களுக்கு மட்டும், ஆப்பைத் திறந்ததும் ஒரு சின்னக் கட்டம் வரும். முதலில் எந்த மொழியை எடுத்தார்களோ அந்த மொழியில், நம்மவருக்குத் தமிழில், ஒரு வரி. கீழே இரண்டு பட்டன்.

"சட்டத்தை மீறல பெரியம்மா. நாம மாத்தல. கேக்கறோம்."

"அதுலயே தேதியைப் போட்டுடேன்?"

"தேதி ஆஸ்பத்திரி அனுப்புறது, நான் தொட முடியாது. மொழியைக் கேக்கற வரி மட்டும்தான் என் கையில. நாப்பது எழுத்துக்கு மேல போனா வெட்டிப்போடும். நீங்கதான் எழுதணும்."

"நானா? இன்னுமா?"

"நீங்கதான். நாலு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்."

'உங்கள் மொழியைத் தமிழுக்கு மாற்றவா?' சரியான தமிழ். இப்படிச் சரியாகப் பேசுகிற குரல்தான் அன்றைக்கும் அவரிடம் பேசியது. நம்பமாட்டார்.

'மன்னிக்கவும், அன்று வந்த சொல் தவறு.' எழுதிவிட்டு, அவராக உட்கார்ந்து படித்தேன். ஆஸ்பத்திரி ஆப் திறக்கிறது; தமிழ் வருகிறது; முதல் சொல் 'மன்னிக்கவும்'. கடவுளே. அவர் இரண்டாவது சொல்லுக்குப் போகவேமாட்டார். என்னால் மன்னிப்புகூடக் கேட்க முடியாது பாருங்கள். அதற்கும் வழி இல்லாமல் செய்துவைத்திருக்கிறேன்.

'அவங்க நல்லா இருக்காங்க.' எனக்கு எப்படித் தெரியும்?

பட்டன்களில் 'ரத்து' என்று போடமாட்டேன். 'முடிந்தது' என்றும் போடமாட்டேன்.

மணி மூன்றரை. ஒரு சொல் மட்டும் கிடைத்திருக்கிறது. அன்றைக்கு அவரிடம் உண்மையைச் சொன்ன ஒரே தமிழ், துடைப்பக் கட்டையோடு வந்த தமிழ். அதை அந்தத் துப்புரவு அம்மா வாயில் போட்டது நான்தான். நிஜத்தில் அந்த அம்மா எப்படிக் கூப்பிட்டாரோ. இருந்தாலும் அதைத்தான் வைக்கிறேன். ஆப் எப்படி அப்படிக் கூப்பிடும் என்று கொசு குதிப்பாள். குதிக்கட்டும்.

மூன்று எழுத்து செலவாகிவிட்டது. முப்பத்தேழு மிச்சம் இருக்கிறது. என் கையை இனி நான் நம்பவில்லை. நீங்கள் எழுதுங்கள், கண்ணுங்களா. அவசரப்படாதீர்கள், ஆனால் நாலு மணிக்குள் எழுதிவிடுங்கள். எழுதினதும், வேண்டியவர் ஒருவரை உள்ளே அனுப்பிவிட்டு, ஆடுகிற நாற்காலியில் வெளியே உட்கார்ந்திருப்பவராக ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுங்கள்.

அண்ணே, ______________________________

[          ]     [          ]